அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறதா? காரணங்கள், முதலுதவி, மார்க்கச் சலுகைகள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

கோடை விடுமுறை வந்துவிட்டால் பெரம்பூர் பகுதியில் பிள்ளைகளின் கத்னாவுக்கு நாள் குறிக்கும் வேலை தொடங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தகப்பனார் ஆறு வயது மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். நாள் பேசி முடித்து எழுந்த நேரத்தில், "ஹஜ்ரத், இவனுக்கு மாசத்துல நாலஞ்சு தடவை சில்லு மூக்கு உடையுது. சூட்டு உடம்பு. கத்னாவுக்கு முந்தி ஏதாவது ஓதி ஊதிடுங்க" என்றார். விசாரித்தோம். ஒருமுறை ரத்தம் வந்தால் அரை மணி நேரம்கூட நிற்பதில்லையாம். பல் விழுந்தபோதும் இரண்டு நாட்கள் கசிந்திருக்கிறது. பிள்ளையின் தாய்மாமாவுக்கும் சிறு வயதில் இப்படித்தான் இருந்திருக்கிறது.

ஓதி ஊதினோம். ஆனால் குறித்த நாளைத் தள்ளிவைத்து, முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவரும்படி சொல்லி அனுப்பினோம். ரத்தம் உறைவதில் அந்தப் பிள்ளைக்குக் குறை இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. கத்னா பிறகு மருத்துவமனையில், மருத்துவர்களின் முன்னேற்பாட்டுடன் நலமாக நடந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

மூக்கில் ரத்தம் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படி இருக்கும் என்று யாரும் பயப்பட வேண்டாம். மிகப் பெரும்பாலோருக்கு இது சாதாரண விஷயம்தான். சாதாரணம் எது, கவனிக்க வேண்டியது எது என்று பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

ரத்தம் எங்கிருந்து வருகிறது?

மூக்கின் இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில், விரல் நுனி எட்டும் தூரத்தில், பல நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஒன்றுசேரும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் லிட்டில் 1879-லும், ஜெர்மானிய மருத்துவர் கீசல்பாக் 1884-லும் இதை விவரித்ததால், இன்றும் அவர்களின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. நாம் மூச்சு விடும் காற்றைச் சூடாக்கி, ஈரப்படுத்தி உள்ளே அனுப்புவது மூக்கின் வேலை. அதற்காக இங்கே ரத்த ஓட்டம் அதிகம். மேலே மூடியிருக்கும் சவ்வோ மிக மெல்லியது. அந்தச் சவ்வு காய்ந்து வெடித்தாலும் நகம் பட்டாலும் ரத்தம் வந்துவிடும்.

மூக்கு ரத்தக்கசிவில் பத்தில் ஒன்பது இந்த முன்பகுதியிலிருந்து வருவதுதான். சரியாக அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மீதி, மூக்கின் பின்பகுதியில் உள்ள பெரிய குழாய்களிலிருந்து வருவது. இது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும்; ரத்தம் தொண்டை வழியாக இறங்கும்; எளிதில் நிற்காது. இரண்டு முதல் பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கும், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் மூக்கில் ரத்தம் வருவது அதிகம்.

உடனே செய்ய வேண்டியது

நம் வீடுகளில் பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தவுடன் தலையை அண்ணாத்திப் பிடிப்பார்கள். அல்லது படுக்க வைத்துவிடுவார்கள். மக்தபில் பல ஆண்டுகள் நாமும் இதையே செய்திருக்கிறோம். இது தவறு. தலையைப் பின்னால் சாய்த்தால் ரத்தம் நிற்காது. தொண்டை வழியாக வயிற்றுக்குள் போகும். சிறிது நேரத்தில் பிள்ளை கருஞ்சிவப்பாக வாந்தி எடுக்கும், வீடே கலங்கிவிடும். சரியான முறை இதுதான்:

1. நிமிர்ந்து உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் குனியச் செய்யுங்கள்.
2. மூக்கின் எலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை, இரு பக்கமும் சேர்த்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். மேலே எலும்பைப் பிடிப்பதில் பயனில்லை.
3. கடிகாரத்தைப் பார்த்து முழுமையாகப் பத்து நிமிடம் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் விட்டுப் பார்க்காதீர்கள். அப்படிப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை.
4. வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள். வாய்க்கு வரும் ரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள்.
5. நிற்கவில்லை என்றால் இன்னொரு பத்து நிமிடம் பிடியுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பஞ்சைத் திணிக்காதீர்கள், எடுக்கும்போது உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி வரும். நின்ற பிறகு ஒரு நாளைக்கு மூக்கைச் சிந்துவது, நோண்டுவது, கனமான பொருள் தூக்குவது, மிகச் சூடாகக் குடிப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். துண்டில் பட்ட சில தேக்கரண்டி ரத்தம் பார்ப்பதற்கு நிறையத் தெரியும். பெரியவர்கள் பதறினால் பிள்ளை அழும். அழுதால் ரத்தம் கூடும். எனவே முதலில் நாம் அமைதியாக இருக்க வேண்டும்.

பொதுவான காரணங்கள்

பிள்ளைகளிடம் முதல் காரணம் மூக்கை நோண்டுவதுதான். காய்ந்த பொருக்கு அரிக்கும், பிள்ளை நோண்டும், ரத்தம் வரும், அது காய்ந்து மறுபடி பொருக்காகும். இந்தச் சுழற்சி வாரக்கணக்கில் நடக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, இரவில் மூக்கின் வாசலில் சிறிது வாசலின் தடவிவந்தாலே பலருக்கு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை நகம் வெட்டும் பழக்கம் உள்ள வீடுகளில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

அடுத்தது சளியும் ஒவ்வாமையும். தும்மலும் மூக்கைத் தேய்ப்பதுமாக இருக்கும் பிள்ளைக்கு உள்சவ்வு எப்போதும் புண்ணாகவே இருக்கும். இதற்குத் தரப்படும் ஸ்பிரேயை நடுச்சுவரை நோக்கி அடித்தாலும் ரத்தம் வரும். கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி, பக்கவாட்டில் அடிக்க வேண்டும். இரவு முழுக்க ஏசி ஓடும் அறையும் மூக்கைக் காய வைக்கும்.

சின்னஞ்சிறு பிள்ளைகள் மணி, புளியங்கொட்டை போன்றவற்றை மூக்கில் போட்டுக்கொள்வதுண்டு. ஒரே பக்கத்தில் நாற்றத்துடன் சளியும் ரத்தமும் வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே உள்ளே அரித்துவிடும். தாமதிக்கவே கூடாது.

நம் பகுதியின் காற்றையும் சொல்லாமல் விட முடியாது. ஒருபுறம் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. வடக்கே மணலி சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூர் தொழிற்சாலைகளும். துறைமுகம் நோக்கி இரவு பகலாக ஓடும் கண்டெய்னர் லாரிகள். தூசியும் புகையும் மூக்கின் சவ்வை எரிச்சல்படுத்தி, ஒவ்வாமையைக் கூட்டுகின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அமோனியா ஈரமான சவ்வில் பட்டவுடன் கரைந்து காரமாக மாறும். கண், மூக்கு, தொண்டையை அது முதலில் தாக்குவது அதனால்தான். அது ஓர் இரவில் நடந்த விபத்து. அன்றாடத் தூசி சிறிது சிறிதாகச் செய்யும் தொல்லை யார் கண்ணிலும் படுவதில்லை. வெல்டிங், பெயிண்ட், முலாம் பூசும் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் முகக்கவசம் இல்லாமல் வேலை செய்யக் கூடாது. முக்கியமாக, குரோம் முலாம் பட்டறையின் ஆவி மூக்கின் நடுச்சுவரையே ஓட்டையாக்கிவிடும். அங்கு வேலை செய்யும் ஒருவருக்கு வலியில்லாமல் அடிக்கடி ரத்தம் வந்தால், தன் வேலையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பெரியவர்களிடம் மருந்துகள் ஒரு முக்கியக் காரணம். இதயத்திற்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் எளிதில் வரும், மெதுவாக நிற்கும். அதற்காக அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாரடைப்புக்கோ பக்கவாதத்துக்கோ அது வழிவகுக்கலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேட்க வேண்டும். ரத்தக் கொதிப்பு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், வந்த ரத்தம் நிற்பது கடினம்.

மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. காய்ச்சலோடு மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பரம்பரைக் குறையின் அடையாளங்கள்

ரத்தம் உறைவதற்குத் தட்டணுக்களும் உறைபொருள்களும் சரியாக இருக்க வேண்டும். இவற்றில் பிறவிக் குறை உள்ளவர்களுக்கு மூக்கு ரத்தம்தான் பல நேரம் முதல் அடையாளம். ஹீமோஃபிலியா பெரும்பாலும் தாய்வழியாக வந்து ஆண் பிள்ளைகளைப் பாதிக்கும். வான் வில்லிபிராண்ட் நோய் ஆண், பெண் இருவருக்கும் வரும். கிளான்ஸ்மன் என்ற தட்டணுக் குறைபாட்டில் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டும் திறன்தான் இருக்காது. எனவே சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது தெரியாமலே போய்விடும். தனிப் பரிசோதனை தேவை.

கிளான்ஸ்மன் போன்ற நோய்கள், தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதே குறை வந்தால்தான் வெளிப்படும். சொந்தத்தில் திருமணம் முடிக்கும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். மாமன் மகளையோ, சிற்றப்பா மகளையோ மணப்பதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் இப்படி ஒரு நோய் இருப்பது தெரிந்தும் மறைத்துப் பேசி முடிப்பது, பிறக்கப்போகும் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. நிக்காஹ் பேசும் முன்பே மருத்துவ ஆலோசனை பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்: சரியாக அழுத்தியும் அடிக்கடி நீண்ட நேரம் நிற்காமல் வருவது, காரணமில்லாமல் உடலில் நீலத் திட்டுகள், பல் விழுந்தால் அல்லது சிறு காயம் பட்டால் நெடுநேரம் கசிவது, நெருங்கிய உறவில் யாருக்கேனும் இதே தொல்லை, உதடு, நாக்கு, விரல் நுனிகளில் சிறு சிவப்புப் புள்ளிகள். மூக்கு ரத்தத்தோடு மாதவிடாயும் மிக அதிகமாக இருக்கும் பெண் பிள்ளைகளை, "வயசுக்கு வந்தா அப்படித்தான்" என்று சொல்லித் தாய்மார்கள் விட்டுவிடக் கூடாது. பதின்ம வயதுப் பையனுக்கு ஒரே பக்கம் மூக்கு அடைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் ரத்தம் வந்தால், உள்ளே கட்டி இருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும்.

இந்த அடையாளங்கள் உள்ள பிள்ளைக்கு, பரிசோதனை முடியும் முன் கத்னா செய்யக் கூடாது என்பதே நம் வேண்டுகோள். கத்னா நபிமார்களின் வழிமுறை. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் நிலையில் அதைத் தள்ளிப்போடலாம் என்று மார்க்க அறிஞர்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு கடந்து செய்தாலும் கத்னா கத்னாதான். இலவச முகாமில் வரிசையில் நிற்கும் பெற்றோரும், முகாம் நடத்தும் ஜமாஅத்தாரும், "பிள்ளைக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா? குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

உளூ, தொழுகை, நோன்பு

இந்தத் தொல்லை உள்ளவர்கள் நம்மிடம் அதிகம் கேட்பது வணக்கங்களைப் பற்றித்தான்.

உளூ: மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தால் ஹனஃபி மத்ஹபில் உளூ முறிந்துவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. பட்ட இடத்தைக் கழுவினால் போதும். சிந்தும்போது உறைந்த கட்டி மட்டும் வந்தால் ஹனஃபி மத்ஹபிலும் உளூ முறியாது. நம் பகுதியில் இரு மத்ஹபினரும் ஒரே பள்ளியில் தொழுகிறோம். அவரவர் வழியில் நடந்துகொள்ளட்டும், ஒருவரை ஒருவர் குறை சொல்ல வேண்டாம். மூக்கிற்கு நன்றாக நீர் செலுத்தும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள். நோன்பாளிக்கு அதில் விலக்கும் தந்திருக்கிறார்கள். ரத்தம் நின்ற ஓரிரு நாட்கள் உறிஞ்சாமல், சிந்தாமல், மெதுவாக நனைத்துக்கொள்ளலாம்.

தொழுகை: தொழுகையில் ரத்தம் வந்தால் விட்டு விலகி, நிறுத்தி, கழுவி, தேவையானவர்கள் உளூச் செய்து மீண்டும் தொழ வேண்டும். ஆடையில் பட்ட சிறிதளவு ரத்தம் மன்னிக்கப்படும். ஒரு தொழுகையின் நேரம் முழுவதும், உளூச் செய்து ஃபர்ளைத் தொழும் அளவு இடைவெளிகூட இல்லாமல் ரத்தம் வந்துகொண்டே இருந்தால், அவர் தங்கடம் உள்ளவர். ஒவ்வொரு நேரத்திற்கும் உளூச் செய்து அந்த நிலையிலேயே தொழலாம். ஸஜ்தாவில் குனிந்தால் ரத்தம் வரும் என்ற நிலையில் இருப்பவர் உட்கார்ந்து சைகையால் தொழலாம். மருத்துவர் குனிய வேண்டாம் என்று சொன்ன பிறகும் பிடிவாதமாகக் குனிந்து மறுபடி மருத்துவமனைக்குப் போவது பேணுதல் ஆகாது.

நோன்பு: மூக்கில் ரத்தம் வருவதால் நோன்பு முறியாது. தொண்டைக்கு வருவதை அறிந்தே விழுங்கினால் முறிந்துவிடும், துப்பிவிட வேண்டும். தொண்டைவரை செல்லும் சொட்டு மருந்தையும் ஸ்பிரேயையும் இஃப்தாருக்குப் பிறகும் சஹரிலும் வைத்துக்கொள்ளலாம். நிற்காமல் ரத்தம் போகும்போது சிகிச்சைக்காக நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களாச் செய்ய அனுமதி உண்டு.

ஹஜ், உம்ரா: நம் சென்னைக் காற்று ஈரமானது, மக்காவின் காற்று வறண்டது. வெளியே வெயில், அறையில் ஏசி. அங்கே போய் முதன்முறையாக மூக்கில் ரத்தம் வருபவர்கள் பலர். இதனால் இஹ்ராமுக்குப் பங்கம் இல்லை. துணியில் பட்டால் கழுவலாம், மாற்றிக்கொள்ளலாம். தடவும் வாசலின் மணமில்லாததாக இருக்கட்டும்.

சூடு, கண்ணேறு, தாயத்து

"உடம்புச் சூடு" என்பதில் ஓரளவு உண்மை உண்டு. வெயிலில் மூக்கின் குழாய்கள் விரியும், சவ்வு காயும். நிழலும் தண்ணீரும் அதற்கு நல்லதுதான். ஆனால் "சூடு" என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் அடக்கி, ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவதுதான் தவறு.

ஓதிப் பார்ப்பது மார்க்கத்தில் உள்ளதே. இமாம் இப்னுல் கைய்யிம் (ரஹ்) அவர்களின் 'ஸாதுல் மஆத்' நூலில், மூக்கில் ரத்தம் வருபவருக்கு இறைவசனத்தை நெற்றியில் எழுதிப் பார்த்தது பற்றிய குறிப்பே இருக்கிறது. அதே இடத்தில், அந்த ரத்தத்தாலேயே இறைவசனத்தை எழுதுவது அறியாதவர்களின் செயல், கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. துஆவையும் மருந்தையும் ஒன்றுக்கு ஒன்று எதிராக நிறுத்த வேண்டாம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்களே.

சிகிச்சையும் ஒரு சந்தேகமும்

உப்புநீர்ச் சொட்டு, களிம்பு ஆகியவற்றில் நிற்காதபோது, கசியும் குழாயை வெள்ளி நைட்ரேட்டால் தொட்டுக் கருக்குவார்கள். மரத்துப்போகும் மருந்து வைத்துச் சில நிமிடங்களில் முடியும் வேலை இது. சூடு போட்டுச் சிகிச்சை செய்வதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லையே என்று சிலர் தயங்குகிறார்கள். கை நரம்பில் அம்பு பட்டு ரத்தம் நிற்காத ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு, நபி (ஸல்) அவர்களே சூடு போட்டு ரத்தத்தை நிறுத்திய செய்தி முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. தேவை இல்லாமல் செய்வதே விரும்பத்தகாதது என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் இதற்கான சிகிச்சை கிடைக்கும். ரயில்வே குடும்பங்களுக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. ரத்த உறைவுக் குறைகளுக்கு வேலூர் சி.எம்.சி. பெயர்பெற்றது.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்: இருபது நிமிடம் அழுத்தியும் நிற்காதது, தலையில் அடிபட்ட பின் வருவது, ரத்தம் தொண்டையில் தொடர்ந்து இறங்குவது, மயக்கம், வெளிறிய முகம், மூச்சுத் திணறல், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நிற்காமல் போவது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வந்தால், நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெட்கப்பட ஒன்றுமில்லை

மற்ற பிள்ளைகள் கேலி செய்வதால் மக்தபுக்கு வர மறுக்கும் பிள்ளைகள் உண்டு. ஸஃப்பில் நிற்கும்போது வந்துவிடுமோ என்று ஜமாஅத்தை விட்டு ஒதுங்கும் பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு ஹதீஸைச் சொல்லி முடிக்கிறோம். தொழுகையில் ஒருவருக்கு உளூ முறிந்துவிட்டால், அவர் தம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்). மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது என்று மக்கள் எண்ணிக்கொள்வார்கள், அவருடைய வெட்கம் மறைக்கப்படும் என்று அறிஞர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள். அடுத்தவரின் வெட்கத்தை மறைக்கவே பயன்பட்ட ஒன்றுக்காக, அது உண்மையிலேயே வந்தவர் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நம் வீட்டுப் பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் முன்னால் குனியச் செய்து, பத்து நிமிடம் பிடிப்போம். அடிக்கடி வந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவோம். கத்னாவுக்கு நாள் குறிக்கும் முன் அதைச் சொல்வோம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் நம் அனைவருக்கும் பூரண ஆஃபியத்தைத் தருவானாக! ஆமீன்.